பாய்லர் முள் எங்கே நிற்கும்?

நாலு வருஷமாக இதை எழுதலாமா, வேண்டாமா என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். பேனாவை எடுப்பேன். இரண்டு வரி போகும். அப்புறம் கை நின்றுவிடும். கடைசியில் புத்தூர் பஸ் ஸ்டாண்டு குரங்குகளைப் பற்றி எழுதிப் பத்திரிகைக்கு அனுப்பிவிடுவேன். குரங்குகளைப் பற்றி நான் ஏன் மூன்று தடவை எழுதினேன் என்று வாராவாரம் படிக்கிற உங்களுக்கு இப்போது புரிந்திருக்கும்.

ஏன் இந்தத் தயக்கம்? இதில் தப்பு செய்தவன் நான். அடிபட்டவள் என் மனைவி சலோமி.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்ததும் காபி டம்ளரை ‘ணங்’ என்று வைத்தாள்.

“ஏங்க, கரண்ட் கட்டப் பத்தி எழுதறீங்க. பஸ்ஸப் பத்தி எழுதறீங்க. கொரங்கப் பத்தி கூட எழுதறீங்க. நான் இன்னா கொரங்க விட கேவலமா?”

“உன்னப் பத்தி எழுதினா நாலு பேரு நாலு விதமா பேசுவாங்களே...”

“பேசட்டும். இன்னிக்கு நம்ம கோயில்ல ஒரு பொண்ணப் பாத்தேன். நற்கருணைப் பந்திக்கு எல்லாரும் எழுந்துக்கறப்போ அவ மட்டும் நைசா வெளிய போயி செருப்ப அடுக்கிக்கினு இருந்தா. நான் ஒளிஞ்ச மாதிரியே ஒளியறா. எழுதுங்க.”

சரி. எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் மாம்பழக்கூழ் ஃபேக்டரிகள் நிறைய. அப்படி ஒன்றில் பாய்லர் ஓட்டுகிறவன் நான். இருபத்திரண்டு வருஷம். படிப்பு பத்தாவது, அதுவும் கணக்கில் கோட்டை விட்டு இரண்டாவது தடவை தேறியது. ஆனால் பாய்லர் எனக்குத் தெரியும். ஆவி ஏற ஏற பிரஷர் முள் எப்படி நகரும், எந்த இடத்தில் சிவப்புக் கோட்டைத் தொடும், எப்போது சேஃப்டி வால்வு திறந்து ஊரே கேட்க ஊதும்... எல்லாம் அத்துப்படி. மீட்டர் கண்ணாடியை விரலால் இரண்டு தட்டு தட்டிப் பார்க்காமல் எந்த ஆபரேட்டரும் முள்ளை நம்ப மாட்டான். அது எங்கள் ஜாதிப் புத்தி.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய வெள்ளி அன்று மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனையில் இயேசு சிலுவையில் பேசிய ஏழு வார்த்தைகளைப் பற்றி பாஸ்டர் பேசமாட்டார். சபையார் ஏழு பேர் பேசவேண்டும். அதற்கு முந்தின ஞாயிறு, குருத்தோலை அன்றைக்கு, ஏழு சீட்டு எழுதி காணிக்கைப் பையில் போட்டுக் குலுக்குவார்கள். மன்னிப்பு, பரதீசு, தாகம் — இதெல்லாம் வந்தால் நிம்மதி. எல்லோருக்கும் பயம் நாலாவது சீட்டுதான். என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர் என்று அவர் கதறின வார்த்தை. அதைப் பற்றி என்னத்தைப் பேசுவது?

பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தச் சீட்டு எனக்கு விழுந்தது.

எனக்கா பயம்? என்னிடம்தான் பாய்லர் இருக்கிறதே! தொண்டை கிழியப் பேசினேன். “பாவம் ஏற ஏற தேவ கோபமும் ஏறிக்கொண்டே போகும். முள் சிவப்புக் கோட்டைத் தாண்டிவிட்டது. அந்த ஆவி எங்கேயாவது இறங்கியே தீரவேண்டும். யார் மீதாவது இறங்கியே தீரவேண்டும்!” என்று மேஜையைத் தட்டினேன். அது குமாரனாகிய இயேசு மேல் இறங்கியது என்று முடித்தேன்தான். ஆனால் முடித்த வேகத்தை விட தட்டின சத்தம் பெரிது. வெளியே வந்ததும் எல்லோரும் கை கொடுத்தார்கள். ‘பாய்லர் பிரசங்கியார்’ என்று பட்டப்பெயரே வந்துவிட்டது. எனக்கு ஒரே பெருமை.

அப்போது பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் சலோமி உட்கார்ந்திருந்தாள். எங்கள் இரண்டாவது பிள்ளை, ஆண் குழந்தை, பிறந்து இரண்டாம் நாள் திருப்பதி ஆஸ்பத்திரியில் இறந்து அன்றைக்கு ஆறு மாசம்.

எனக்கு அது தோன்றவே இல்லை. நம்புவீர்களா? மேஜையைத் தட்டுகிறவனுக்கு எதிரே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரிவதில்லை.

இப்போது சாமுவேல் மச்சானைச் சொல்லவேண்டும். சலோமியின் அண்ணன். திருப்பதியில் ஸ்கூட்டர் மெக்கானிக். அங்கே வேறொரு கிறிஸ்தவ ஐக்கியத்துக்குப் போகிறார். ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் மறுநாள் எங்கள் வீட்டுக்கு ரயிலேறி வந்துவிடுவார். ஆட்டுக்கறிக்கு என்று அவர் சொல்வார். சண்டைக்கு என்று நான் சொல்வேன்.

நாலு வருஷத்துக்கு முன்னால் வந்த கிறிஸ்மஸும் அப்படித்தான் ஆரம்பித்தது. இலையில் உட்கார்ந்ததும் ஆரம்பித்தார்.

“இன்னா மாப்ள, உங்க கடவுளுக்கு பி.பி. எறங்கிச்சா, இல்ல இன்னும் ஏறிக்கினே கீதா?”

“கிண்டல் பண்ணாதீங்க மச்சான். பாவத்தப் பாத்து கோவமே வராதவரு கடவுளா? அந்தத் தண்டனைய இயேசு வாங்கிக்கினாரு. அதான் சிலுவ.”

“அப்பன் கோவத்த ஆத்திக்க புள்ளயப் போட்டு அடிச்சாராக்கும்? நம்ம தெருவுல ஒருத்தன் அப்படிப் பண்ணா நீயே போலீசக் கூப்புடுவ மாப்ள!”

“அடிக்கல மச்சான். புள்ளயே மனசார முன்னாடி வந்து நின்னாரு. ஆவி எங்கயாவது எறங்கணும் இல்ல?”

“கடவுள் இன்னா பாய்லரா? சாவும் சாத்தானும் நம்மளப் புடிச்சு வெச்சிருந்தாங்க. பிதாவும் குமாரனும் சேந்து வந்து அந்தச் செறைய ஒடைச்சாங்க. அவ்வளவுதான்! பிதா எப்ப குமாரன் மேல கோவப்பட்டாரு?”

“அப்ப பாவத்துக்கு யாரு பதில் சொல்றது?”

“நீ மொதல்ல எலும்ப எனக்குத் தள்ளு, அப்புறம் பதில் சொல்றேன்...”

ஒன்பது வருஷமாக இதே சண்டை. யார் ஜெயித்தார்கள்? சாப்பாடுதான் ஆறிப்போகும்.

அப்போதுதான் கரண்டியும் கையுமாக நின்றிருந்த சலோமி வாயைத் திறந்தாள்.

“ஏங்க, ஒன்னு கேக்கவா? உங்க பாய்லர்ல ஆவி முழுசா வெளிய போயிட்டா அந்த முள்ளு எங்க நிக்கும்?”

“ஜீரோல.”

“நெசமா?”

“வேற எங்க நிக்கும்? நிக்கலன்னா மீட்டரு கெட்டுப்போச்சுன்னு அர்த்தம்.”

“அப்ப சிலுவைல எல்லாம் எறங்கி முடிஞ்சிடுச்சுன்னா... என் புள்ள மேல எறங்கினது எது?”



மச்சான் மெதுவாக, “சலோமி, அதத்தாம்மா நானும் சொல்றேன்...” என்று ஆரம்பித்தார்.

“நீயும் இருண்ணா. சாவ ஜெயிச்சாச்சு, ஜெயிச்சாச்சுன்னு வருஷா வருஷம் என் கறியத் துன்னுட்டு சொல்லிட்டுப் போற. என் வூட்டுக்கு வந்த சாவுக்கு அது தெரியலியே. அதப் பத்தி ஒரு வருஷமாவது பேசினியா?”

மச்சான் எலும்பைக் கீழே வைத்தார். அவர் எலும்பைக் கீழே வைத்து நான் பார்த்ததே கிடையாது.

அதற்குப் பிறகு அவள் உட்கார்ந்து சொன்னாள். அழவில்லை. அந்தக் குழந்தை வயிற்றில் வந்தபோது மூத்தவள் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். ‘இந்த வயசுல எதுக்கு ஆண்டவரே, வேணாமே’ என்று ஒரு ராத்திரி ஜெபத்தில் சொல்லிவிட்டாளாம். ஒரே ஒரு ராத்திரி. அடுத்த வாரமே மனசு மாறி ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்துவிட்டாள். ஆனால் பிள்ளை தங்கவில்லை. ‘நான் வேணாம்னு சொன்னேன், அவரு எடுத்துக்கினாரு’ என்று உள்ளே ஒரு முள் தைத்துவிட்டது. ஆறு மாசத்தில் அவள் புருஷன் மேடையேறி, கோபம் யார் மீதாவது இறங்கியே தீரும் என்று மேஜையைத் தட்டினான்.

அன்றிலிருந்து ஒன்பது வருஷம் அவள் பந்தியில் சேரவில்லை.

இதில் என்ன விசேஷம் தெரியுமா? எங்கள் சபையில் மாசத்தில் முதல் ஞாயிறு நற்கருணைக்கு அப்பம் சுடுகிறவளே அவள்தான்! கோதுமை மாவைப் புளிக்க விடாமல் பிசைந்து, சனிக்கிழமை சாயங்காலம் சின்னச் சின்ன வட்டமாகத் தட்டி, தோசைக்கல்லில் போட்டு எடுப்பாள். சபையில் ஆண்கள் முதலில் முழங்கால் போடுவோம். பெண்கள் முறை வரும்போது அவள் கப் கழுவுகிற சாக்கில் பின் அறைக்குப் போய்விடுவாள். நானோ வாங்கித் தின்று, இடத்தில் வந்து உட்கார்ந்து, பக்தியாகக் கண்ணை மூடிக்கொள்வேன். நூறு தடவைக்கு மேல் அவள் சுட்ட அப்பத்தை நான் தின்றேன். அவள் ஒரு துணுக்கு தின்னவில்லை. எனக்குத் தெரியாது.

இருபது அடி தூரத்தில் இருக்கிற முள்ளைப் பார்த்து பிரஷர் சொல்கிறவன் நான். பக்கத்தில் படுத்திருப்பவளைத் தட்டிப் பார்க்கவில்லை.

அன்றைக்கு மச்சானும் நானும் பாத்திரம் தேய்த்தோம்.

அடுத்த குருத்தோலை ஞாயிறு பாஸ்டரய்யா பையை நீட்டினார். கையை விட்டேன். நாலாவது சீட்டு! கர்த்தர் என்னை விடமாட்டார் போலிருக்கிறது. நல்லது, போன தடவை பேசினதை இந்தத் தடவை எல்லோருக்கும் முன்னால் திருப்பி எடுத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். வீட்டுக்கு வந்து சலோமியிடம் சொன்னேன்.

“நீங்க திருப்பி எடுத்துக்கறது நல்லதுதான். ஆனா அது என் வார்த்த. சீட்டக் குடுங்க,” என்றாள்.

“நீ மேடையில பேசினதே இல்லையே?”

“நீங்க பேசி இன்னா கிழிச்சீங்க?”

கொடுத்துவிட்டேன்.

பெரிய வெள்ளி. சபை நிறைந்திருந்தது. தன் ஐக்கியத்தின் ஆராதனையை விட்டுவிட்டு சாமுவேல் மச்சான் திருப்பதியிலிருந்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். மூன்று பேர் பேசி முடித்தார்கள். சலோமி எழுந்து போனாள். மைக்கைப் பிடிக்கத் தெரியவில்லை, பாஸ்டரய்யாவே பிடித்துக்கொண்டார். அவள் பேசினதை எனக்கு நினைவு இருக்கிறபடி எழுதுகிறேன்.

“பிதா மொகத்தத் திருப்பிக்கினாருன்னு சொல்றாங்க. கோவத்துலன்னு எங்க வூட்டுக்காரரு சொல்றாரு. கோவமே இல்லன்னு எங்கண்ணன் சொல்றாரு. நான் ஏழாங்கிளாஸு. எனக்குத் தெரியல. ஒன்னு தெரியும். ஆஸ்பத்திரில என் புள்ளயத் துணியில சுத்திக் குடுத்தப்போ நானும் இதேதான் கேட்டேன், ஏன் உட்டுட்டன்னு. கேட்டது பாவம்னு ஒன்பது வருஷமா நெனச்சிக்கினு இருந்தேன். பாவமே பண்ணாதவரும் இதக் கேட்டிருக்காரு. கேட்டவர பிதா தள்ளிட்டாரா? மூணாம் நாளு காலையில எழுப்பினாரு!”

கொஞ்சம் மூச்சு வாங்கினாள்.

“கோவம் அங்க முழுசா தீந்துபோச்சோ, இல்ல அது கோவமே இல்லியோ... ரெண்டுல எதுன்னாலும் என் புள்ள மேல எறங்க மிச்சம் ஒன்னும் இல்ல. முள்ளு ஜீரோல கீது. ஞாயித்துக்கிழம அப்பத்த நான்தான் சுடப்போறேன். நானும் துன்னப்போறேன்.”

பெரிய வெள்ளியில் எங்கள் சபையில் சத்தமாக ஆமென் சொல்லும் வழக்கம் இல்லை. துக்க நாள். அன்றைக்கு முதல் ஆமென் கடைசி வரிசையிலிருந்து வந்தது. ஸ்கூட்டர் சைலன்சர் இல்லாமல் கிளம்பின மாதிரி ஒரு சத்தம். அப்புறம் கூரையே பெயர்ந்துவிட்டது.

ஈஸ்டர் காலை. ஆண்கள் முறை முடிந்தது. நான் வந்து உட்கார்ந்தேன். கண்ணை மூடவில்லை. பின் அறைக் கதவு சாத்தியே இருந்தது. பெண்கள் வரிசையில் மஞ்சள் புடவையில் சலோமி வந்தாள், நேராக, யாரையும் பார்க்காமல். பாஸ்டரய்யா தெலுங்குக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். ஆனால் மனசு பொங்கினால் தெலுங்குதான் வரும். “ரண்டம்மா, ரண்டம்மா” என்று, ‘வாம்மா, வாம்மா’ என்கிற மாதிரி, குனிந்து கூப்பிட்டார். அவள் இரண்டு கையையும் ஏந்தினாள். வாங்கினாள். தின்றாள்.

அவ்வளவுதான் நடந்தது. இயேசுவின் கல்லறைக் கல் புரண்டதை நான் பார்த்ததில்லை. ஆனால் இதைப் பார்த்திருக்கிறேன்.

இதன் பிறகு மச்சானும் நானும் ஒரே கட்சி ஆகிவிட்டோமா? எங்கே! இன்றைக்கும் பாவத்தின் மேல் தேவனுக்குக் கோபம் உண்டு என்றும், அதைக் கிறிஸ்து சுமந்து தீர்த்தார் என்றும்தான் நான் நம்புகிறேன். மச்சான் இன்றைக்கும் ‘பி.பி. எறங்கிச்சா’ என்றுதான் கேட்கிறார். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. பேச ஆரம்பிக்கும் முன் இருவரும் சமையல்கட்டுப் பக்கம் திரும்பி, கரண்டி பிடித்திருப்பவள் முகத்தைப் பார்த்துக்கொள்கிறோம். பெரிய பெரிய உபதேசங்களை ஆண்கள் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுக்கிறோம். அவை ஒடிந்தால் யார் தலையில் விழும்? பரிமாறுகிறவள் தலையில்தான்.

செருப்பு அடுக்கின அந்தப் பெண்ணிடம் சலோமி என்ன பேசினாளோ, எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. அடுத்த மாசம் முதல் ஞாயிறுக்கு அப்பம் தட்ட அவளும் எங்கள் வீட்டுக்கு வருகிறாளாம். தட்டுகிறவள் தின்னவும் வேண்டும் — சலோமி போட்ட ஒரே கண்டிஷன்.

உங்களுக்கும் ஒரு கண்டிஷன் உண்டு. இப்படி ஒளிந்து நிற்கிறவர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருப்பார். அவரிடம் இதைச் சொல்லுங்கள். ஆனால் நடந்தபடியே சொல்லுங்கள். அப்புறம் எங்களுக்கு ஆண் பிள்ளை பிறந்தது என்று சேர்த்துவிடாதீர்கள், பிறக்கவில்லை. மச்சான் தோற்றார், நான் ஜெயித்தேன் என்றும் மாற்றிவிடாதீர்கள். ஜெயித்தது இரண்டு பேரும் இல்லை.

முள் ஜீரோவில் நிற்கிறது. யாரும் கண்ணாடியைத் தட்டிப் பார்க்க வேண்டாம்!