ஐந்தாவது செடியின் தலைகீழ்த் துண்டு

டீச்சர் என்றால் அந்தத் தாவர ஆய்வுக்கூடத்தில் ஒருத்திதான். பள்ளிக்கூட வேலையை உதறிவிட்டு நாற்பத்திரண்டு வயதில் ஆராய்ச்சிக்கு வந்தவள்; பட்டப்பெயர் மட்டும் கூடவே வந்துவிட்டது.

அவளிடம் மஞ்சள் பூ பூக்கும் ஐந்து செடிகள் இருந்தன. அக்கா தங்கைகள் மாதிரி அப்படி ஒரு ஜாடை. நான்குக்குப் பெயர் உண்டு. ஐந்தாவது தனி இனம் என்று டீச்சர் நான்கு வருடமாக ஒற்றைக் காலில் நின்றாள். அதை நிரூபிக்கத்தான், இலைக்குப் பச்சை நிறம் தருகிற பசுங்கணிகத்தின் டி.என்.ஏ.வை, ஒன்றரை லட்சம் எழுத்துள்ள அந்த வளையத்தை, செடிக்குச் செடி துணுக்குத் துணுக்காகப் படித்து, கணினியில் கோத்து ஒப்பிட்டாள். நான்கிலும் நேராக இருந்த ஒரு பெரிய துண்டு ஐந்தாவதில் மட்டும் தலைகீழாக இருந்தது. ஆகா! அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

திங்கட்கிழமை ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். வெள்ளிக்கிழமை, வளையத்தின் படம் இன்னும் தெளிவாக இருக்கட்டுமே என்று ஐந்தாவது செடியின் அதே துணுக்குகளைக் கணினியில் மறுபடி கோக்கவிட்டாள். துண்டு நேராக வந்தது! திருதிருவென்று முழித்தாள். இன்னொரு தடவை ஓட்டினாள், தலைகீழ். இன்னொரு தடவை, நேர். அதே இலை, அதே கணினி. என்னத்தைச் சொல்ல!

"இலையை மாத்தி அரைச்சுட்டியா?" என்றார் பஸ் ஓட்டும் கணவர்.

"ஒரே பொட்டலம்தாங்க. எனக்குத்தான் புத்தி பிசகிடுச்சோன்னு பயமா இருக்கு."

"செடிக்குப் பிசகியிருக்கும், விடு."

அவர் சிரித்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை முழுக்க, அந்தத் துண்டு வளையத்தோடு சேரும் இடத்தைத் தாண்டிப் போகிற நீளத் துணுக்குகளை எண்ணினாள். பாதி நேர், பாதி தலைகீழ். சந்தேகப்பட்டு முதல் செடியைப் பார்த்தாள். அங்கேயும் பாதிக்குப் பாதி. மற்ற மூன்றிலும் அதே கதை. ஒரே இலைக்குள் அந்த வளையம் இரண்டு விதமாகவும் இருக்கிறது. கணினி ஒவ்வொரு தடவையும் இரண்டில் கைக்கு வந்ததை எடுத்து நீட்டியிருக்கிறது. இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர்கள் விழுகிற குழிதான். விழுந்ததுமில்லாமல் நாற்பது பக்கம் எழுதியும் வைத்திருந்தாள்.

பேராசிரியருக்குப் போன் போட்டாள். "சார், அது வித்தியாசமே இல்ல சார். எல்லாச் செடியிலயும் அப்படித்தான் இருக்கு."

"அடடா, எனக்கும் தோணாமப் போச்சே! அது போனா மிச்சம் என்ன?"

"அஞ்சாவதுல பத்தொன்பது எழுத்து மாறியிருக்கு."

"தனி இனம்னு சொல்ல அது போதுமா?"

"தெரியல சார். போதும்னும் தோணுது, போதாதுன்னும் தோணுது. மண்டை காயுது."

அவர் குரலைத் தாழ்த்தினார். "அப்படியே குடுத்துடுங்க டீச்சர். யாரும் கவனிக்க மாட்டாங்க."

"நான் கவனிச்சுட்டேனே சார்."

அந்த நாற்பது பக்கத்தையும் ஆய்வேட்டிலிருந்து நீக்கினாள். கடைசி வரியில் 'ஐந்தாவது செடி தனி இனம்' என்பதை அழித்துவிட்டு, 'தனி இனமா என்று இந்த ஆய்வால் சொல்ல முடியவில்லை' என்று தட்டினாள். தட்டி முடித்ததும் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.