முனியப்பன் சொல்கிறார்

இத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். என் ஆய்வேட்டிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்துப் புத்தகம் போட்ட பேராசிரியர், அடிக்குறிப்பில்கூட என் பெயரைப் போடவில்லை.

அந்தக் கோபம் ஆறாமல்தான் இன்று பல்கலைக்கழக நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பக்கத்தில் ஓர் ஆய்வு மாணவி. அவள் முன்னால் என் ஆய்வேடு. நான் யாரென்று அவளுக்குத் தெரியாது.

"சார், ரெஃபரன்ஸ்ல கடைசிப் பேரைத்தானே போடணும்? கொஞ்சம் பாருங்களேன்" என்று லேப்டாப்பைத் திருப்பினாள்.

'ஸ்ரீராம்புரத்துச் சந்துகளைப் பற்றி முனியப்பன் சொல்கிறார்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள்.

அட்டையில் என் பெயருக்குப் பின்னால் இருக்கும் முனியப்பன், என் அப்பா. மாநகராட்சி வேலையில் அந்தச் சந்துகளைக் கூட்டியவர். பள்ளிக்கூடம் போகாதவர். அவர் சொல்லச் சொல்லத்தான் நான் எழுதினேன்.

"நம்ம ஆளுங்களுக்கு ஏதும்மா சர்நேம்" என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் அவள், "எங்க வீடும் அங்கதான் சார். எங்க ஏரியாவ இந்த முனியப்பன் மாதிரி யாரும் சொன்னதில்ல" என்றாள்.

"சரியாத்தான்மா இருக்கு" என்றேன்.

பேராசிரியர்மேல் உள்ள கோபம் அப்படியே இருக்கிறது. ஆனாலும் இதை என் பெயர் போடாமலே இங்கே பதிகிறேன்.

தெரிந்தவர்கள் யாரும் கமென்ட்டில் வந்து அவள் மேற்கோளைத் திருத்திவிடாதீர்கள்.