கழுவிவிட்ட வீடு

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணத்தைப் பண்ணிப்பார் என்று சொன்ன பெரியவர்கள், வீட்டை விற்றுப்பார் என்று சொல்ல மறந்துவிட்டார்கள். பிள்ளைப்பாக்கத்துச் செங்கமலத்தைக் கேட்டிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லியிருப்பாள்.

1991-இல் அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. புருஷன் நரசிம்மனுக்கு மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் வேலை. பதினோரு வருஷமாக அங்கே நாலு பேரோடு ஒரே அறையில் தங்கிக்கொண்டு, சனிக்கிழமை இரவு வருவான், ஞாயிறு சாயங்காலம் போய்விடுவான். அவள் வரவா என்று கேட்டால் முதலில் நிலத்தைக் காரணம் சொன்னான், பிறகு மகள் பூர்ணிமாவின் படிப்பை. நிலம் கைமாறியது. பூர்ணிமாவும் மணிமங்கலத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். மிச்சம் இருந்த ஒரே காரணம் இந்த ஓட்டு வீடு.

"இத வித்துட்டு அங்க ஒரு வூடு பாத்துக்கினு போலாம், அவசரப்படாத" என்பான்.

அவசரமாம்! அவளுக்கு ஆத்திரமாக வரும். ஆனாலும் வீடு விற்றால் புருஷனோடு இருக்கலாம் என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

வந்து பார்த்த இரண்டு பேரும் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்கள். மூன்றாவதாக ஆள் பிடித்து வந்த தரகர் கோதண்டம், நரசிம்மன் கம்பெனியிலேயே வேறு லைனில் சூப்பர்வைசராக இருக்கும் மூர்த்தி பார்க்க வருவதாகச் சொன்னார். மூர்த்தியின் மனைவி டீச்சர், ஸ்ரீபெரும்புதூருக்கு மாற்றல் ஆகியிருக்கிறாளாம்.

"புதன்கிழமை காலைல வராங்கம்மா. சாமானெல்லாம் வெளிய எடுத்துப் போட்டுடு, வூடு பெர்சா தெரியும். வெள்ளையடி. நல்லா கழுவி வுடு. வரும்போது வெளக்கு எரியணும். அவரு அம்மா பழைய காலத்து மனுஷி, அதெல்லாம் பாப்பாங்க."

திங்களும் செவ்வாயும் அவளே வெள்ளையடித்தாள். சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலந்து, மட்டையை மேலும் கீழும் இழுக்க இழுக்க, இந்தச் சுவர் மெல்லக் கரைந்து வேறொரு வீட்டுச் சுவராக எழுந்தது. மறைமலை நகரை அவள் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறாள். அது போதுமானதாக இருந்தது. தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல் வைத்தாள். ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியது. சைக்கிள்கள் கும்பலாக வந்தன, மணிச்சத்தத்திலேயே அவனுடையதைத் தெரிந்துகொண்டாள். தண்ணீர் மொண்டு கொடுத்தாள். இன்றைக்கு என்ன குழம்பு என்று கேட்டான். வாரநாளில் அவன் எப்படிப் பேசுவான் என்பது தெரியாததால் அந்த இடத்தில் மட்டும் கனவு கொஞ்சம் தடுமாறியது. மட்டை காய்ந்து சுவரைக் கீறும்போதுதான் விழித்துக்கொள்வாள்.

புதன்கிழமை காலையில் கட்டில், பெஞ்சு, நெல் குதிர், அண்டா எல்லாவற்றையும் இழுத்து வேலியோரம் அடுக்கினாள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, உள்ளறையிலிருந்து வாசல் வரைக்கும் கழுவித் தள்ளினாள். சாமி மாடத்தில் சுண்ணாம்பு இன்னும் ஈரமாக இருந்தது. அதனால் அகல்விளக்கை ஏற்றிக் கூடத்துத் தரையிலேயே வைத்தாள். வாசல் காயட்டும், தலைக்குக் குளித்துவிட்டு வந்து பெரிய கோலமாகப் போடலாம் என்று கிணற்றடிக்குப் போனாள். அங்கேயும் கொஞ்சம் கனவு கண்டிருப்பாள் போலிருக்கிறது. நேரமாகிவிட்டது.

சாவு வீட்டில் பிணத்தை எடுத்ததும், உள்ளிருந்து வாசல் வரை கழுவி விடுவார்கள். கிடத்தியிருந்த இடத்தில் ஒரு விளக்கை ஏற்றித் தரையில் வைப்பார்கள். வாசலில் கோலம் இருக்காது. இதெல்லாம் செங்கமலத்துக்குத் தெரியாதா? எத்தனை சாவுக்குப் போயிருக்கிறாள்! ஆனால் அவள் அன்றைக்குப் பிள்ளைப்பாக்கத்திலேயே இல்லை.

மூர்த்தியின் அம்மா படியில் காலை வைக்கப் போனவள், உள்ளே பார்த்துவிட்டு மகனின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏறாதடா. இப்பதான் எடுத்துருக்காங்க."

அந்த மாதிரி வாசலில் நின்றுகொண்டு, செத்துப்போனது யார் என்று விசாரிக்கவா முடியும்? மூர்த்தி, அவர் மனைவி, அம்மா மூன்று பேரும் வீட்டில் யாரையும் கூப்பிடாமல், வந்த பஸ்ஸையே பிடித்துத் திரும்பிப் போனார்கள்.

பஸ் ஸ்டாப்பில் அவர்களைத் தவறவிட்ட கோதண்டம், பஸ் ஏறும்போது அந்த அம்மா சாவு வீடு என்று முணுமுணுத்ததை டீக்கடையில் கேட்டுக்கொண்டு வியர்க்க விறுவிறுக்க வந்தார். ஈரத்தலையோடு கோலமாவுக் கிண்ணத்தை வைத்துக்கொண்டு நின்றவளைப் பார்த்து, "ஏம்மா, வூட்ட விக்க சொன்னா கருமாதி பண்ணிக் காட்டிக்கிற!" என்று கத்தினார். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்ததை நினைத்து, அவள் வெளியே கிடந்த கட்டிலில் உட்கார்ந்து அழுதாள். அந்த ஜன்னல், அந்தச் சைக்கிள் மணி எல்லாம் போயே போய்விட்டது.

இரண்டாவது ஷிப்டுக்குப் போன மூர்த்தி, லைனில் நரசிம்மன் சாதாரணமாக வேலை பார்ப்பதைக் கண்டு திகைத்துப்போனார். அந்த வீட்டில் இருப்பது அவன் பெண்சாதி ஒருத்திதான் என்று அவருக்குத் தெரியும். தோளில் கை வைத்து, "நரசிம்மா, வூட்டுக்குக் கெளம்பு. ஒண்ணும் கேக்காத" என்று மட்டும் சொன்னார். முகமே மிச்சத்தைச் சொல்லிவிட்டது.

விளக்கு வைக்கிற நேரத்தில் செங்கமலம் பெஞ்சை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தாள். எண்ணெய்க் கறை படிந்த கம்பெனிச் சட்டையோடு, காலில் செருப்புகூட இல்லாமல், நரசிம்மன் வாசலில் நின்றான். அவளைப் பார்த்ததும் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அப்படியே கீழே உட்கார்ந்து, ஓவென்று அழுதான்.

"இன்னாய்யா? இன்னா ஆச்சி?"

அவன் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தான். அவளுக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. அவன் சிரிக்கவில்லை என்றதும் அடங்கிவிட்டது.

"ஒரகடத்துல பஸ்ஸு இல்ல. மண்ணு லாரில ஏறினேன். வர்ற வழியெல்லாம் கணக்கு போட்டுக்கினே வந்தேன். இந்த பதினோரு வருசத்துல நான் உன்கூட இருந்தது ரெண்டு வருசங்கூட தேறல, செங்கமலம்." சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "வூடு விக்கும்போது விக்கட்டும். காலைல என்கூட கெளம்பு. ஒத்த ரூம்பு வாடகைக்கு புடிச்சிக்கலாம்."

வாடகைக்கு ஓர் அறை. பதினோரு வருஷமாக அது அங்கேயேதான் இருந்திருக்கிறது. வீடு, நிலம், படிப்பு எதுவும் அதற்குக் குறுக்கே நின்றதில்லை. சந்தோஷமா கோபமா என்று அவளுக்கே புரியவில்லை.

"இத சொல்றதுக்கு உனக்கு நான் சாவணுமாய்யா?"

பக்கத்தில் உட்கார்ந்து, அவன் காலில் குத்தியிருந்த முள்ளை எடுத்தாள்.

விடிந்ததும் இரண்டு பேரும் முதல் பஸ்ஸில் போனார்கள். வீடு விற்க அதற்கப்புறம் ஒரு வருஷம் ஆயிற்று. அதுவரை செங்கமலம் ஒரு நாளும் அதைப் பற்றி விசாரிக்கவில்லை.