கார்னேஷன் பவழத்துக்கு எட்டு வேளை

என் கணவருக்குக் கடல்மீன் தொட்டி என்றால் உயிர். கல்யாணமான ஆறாம் மாதமே மதுரை பழங்காநத்தத்தில் நாங்கள் குடியிருந்த மாடி வீட்டு ஹாலில் நாலடி நீளத் தொட்டி வந்துவிட்டது. உப்பைக் கரைத்துக் கரைத்து அவர் வளர்த்த பவழங்களைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்கள் வருவார்கள். எனக்கும் பிடித்துத்தான் இருந்தது. அப்போது அது அவருடைய வேலை.

மஸ்கட்டில் ஏசி பராமரிப்பு வேலை கிடைத்து அவர் கிளம்புவதற்கு இரண்டு மாதம் முன்பு கார்னேஷன் பவழத்தை வாங்கி வந்தார். கண்ணாடி போன்ற தண்டு, நுனியெல்லாம் கருஞ்சிவப்புப் பூக்கள். தொட்டியிலிருந்த மற்ற பவழங்களுக்கு உடம்புக்குள்ளேயே பாசி குடியிருந்தது. விளக்கைப் போட்டால் அந்தப் பாசியே அவற்றுக்குச் சோறு போட்டுவிடும். இதற்கு அப்படி எதுவும் இல்லை. தண்ணீரில் மிதந்து வரும் பொடித் தீனியைப் பிடித்துத் தின்றால்தான் உண்டு. குறைத்துப் போட்டால் பட்டினியில் சுருங்கும். கூடப் போட்டால் தண்ணீர் கெட்டு எல்லாமே சாகும்.

"எட்டு வேளை போதும். பாட்டில்ல இருக்குற தீனியைக் காலைல ஆறு மணிக்கு ஆரம்பிச்சு ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா ஊத்து. அம்புட்டுத்தான்" என்றார். தானாக ஊற்றும் மோட்டார் ஒன்றையும் பொருத்திப் பார்த்தார். எங்கள் ஊர் வெயிலில் குழாய்க்குள் நின்ற தீனி நாலாம் நாளே புளித்து நாறியது. அதைக் கழற்றிவிட்டு, தொட்டிக்கு எதிரே ஒரு கேமராவை மாட்டினார். அங்கிருந்தே பவழத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்தக் கேமராவில் பவழத்தோடு பாதி சோபாவும் வாசல் கதவும் தெரிந்தன.

அவர் போன பிறகு என் நாள் இரண்டு இரண்டு மணி நேரமாக நறுக்கப்பட்டது. பெரியார் பஸ் நிலையப் பக்கம் போய்த் துணி எடுத்துத் திரும்புவதற்குள் அடுத்த வேளை வந்துவிடும். வாரம் ஒருநாள் வாளி வாளியாகத் தண்ணீர் மாற்ற வேண்டும். மே மாதத்தில் கரண்ட் போனால் தண்ணீரைக் குளிர வைக்கும் மெஷினும் நின்றுவிடும். ஃப்ரீசரில் உறைய வைத்த பாட்டில்களைத் தொட்டியில் மிதக்கவிட்டு, வெப்பமானி முன் உட்கார்ந்திருப்பேன். நான் வியர்வையில் நனைந்துகொண்டிருப்பேன்.

பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் கணக்கு டீச்சர் வேலைக்குக் கூப்பிட்டார்கள். அவரிடம் சொன்னேன்.

"ஒன்பது மணிக்குப் போயி நாலரைக்கு வந்தா, நடுவுல நாலு வேளை போயிரும்ல? ஒரு வருஷம் பொறுத்துக்க" என்றார். பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். சொன்ன அன்று பகல் முழுக்க அவரோடு பேசவில்லை. பவழத்துக்கு மட்டும் நேரம் தவறாமல் ஊற்றினேன்.

அதை வெறுத்தேன் என்றால் பொய். தீனியின் வாடை தண்ணீரில் பரவியதும் மூடியிருந்த பூக்கள் ஒவ்வொன்றாக விரியும். ஒவ்வொரு பூவிலும் எட்டு விரல்கள். உற்றுப் பார்த்தால் எண்ணலாம். அவர் கைக்கு அது அவ்வளவாக விரிந்ததில்லை. என்னிடம்தான் இரண்டு புதுக் கிளைகள் விட்டது. அந்தப் பெருமையை யாரிடம் சொல்வது? கேமரா வழியாகப் பார்த்தவர், "சூப்பரா இருக்குடி" என்றார். பவழத்தைத்தான் சொன்னார்.

ஆடி மாதம் கொட்டாம்பட்டியில் இருக்கும் என் அக்காவுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் இருந்தவரை வேளைக்கு வேளை ஓடிப்போய் வந்து சமாளித்தேன். வீட்டுக்கு அனுப்பியதும் கொண்டுபோய் விடக் கூடப் போனேன். கீழ் வீட்டு அம்மாவிடம் சாவியைக் கொடுத்து, எந்த வேளைக்கு எவ்வளவு என்று எழுதி ஒட்டி, சாயங்காலம் வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன்.

அக்காவால் தானாகப் புரண்டு படுக்க முடியவில்லை. அத்தான் வயலுக்குப் போய்விட்டார். மூன்று மணிக்கு நான் பையை எடுத்ததும், "போறியாடி?" என்றாள்.

"நாளைக்கு வாரேன்க்கா. அதுக்கு நேரமாச்சு."

"எதுக்கு?"

பவழத்துக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. சொல்லாமலே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "சரி, போ. அதுக்குப் பசிக்கும்" என்று சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பப் பார்த்தாள். வலியில் அதுகூட முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பாதியில் நின்ற அந்தத் தோளைப் பிடித்து நான்தான் திருப்பிப் படுக்க வைத்தேன். பையைக் கீழே வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் அவர் கூப்பிட்டார். "தண்ணி கலங்கிக் கெடக்கு. எங்க இருக்க நீ?"

நான் எழுதி ஒட்டியதைக் கீழ் வீட்டு அம்மா பார்த்திருக்கிறார். இத்துனூண்டு எப்படிப் பத்தும் என்று பரிதாபப்பட்டு அரை பாட்டிலை ஊற்றிவிட்டார்.

"அக்காவுக்கு முடியல. நாளன்னைக்குத்தான் வருவேன்" என்றேன்.

"இன்னைக்கே தண்ணி மாத்தலைன்னா செத்துரும்டி."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். உண்மையிலேயே தெரிந்துதான் சொன்னேன்.

நான் போன நாலாம் நாள் கதவைத் திறந்தபோது முட்டைக்கோஸ் அழுகிய வாடை. பவழம் காற்றுப் போன பலூனாகப் பாறையில் தொங்கியது. ஒரு வாரம் தண்ணீர் மாற்றி மாற்றிப் போராடினேன். மற்ற பவழங்கள் தேறிவிட்டன. இது மட்டும் அடித்தண்டிலிருந்து துணுக்குத் துணுக்காக உதிர்ந்து போனது. கடைசித் துண்டை வடிகட்டியில் அள்ளியபோது அழுதேன். அழுது முடித்ததும் மணி பத்தரை. அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று யோசித்தேன். எதுவும் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் செய்தேன். வேறு ஆள் சேர்ந்து மாதக் கணக்காகிவிட்டதாம்.

அவர் திட்டவில்லை. பேச்சைத்தான் குறைத்துக்கொண்டார். மார்கழியில் ஒரு மாத லீவில் வந்தார். வந்த மூன்றாம் நாளே வண்டியூர்ப் பக்கம் இருக்கும் கடையிலிருந்து அதே ஜாதிப் பவழம் ஒன்றைப் பையில் தூக்கி வந்தார்.

"நான் ஊத்த மாட்டேன்" என்றேன்.

"யாரு உன்னைய ஊத்தச் சொன்னா?" என்றார்.

முதல் வாரம் ஆசையாக ஊற்றினார். இரண்டாம் வாரம் நண்பனின் தங்கை கல்யாணத்தில் பந்திக்கு உட்காராமல் ஓடி வந்தார். "மாப்ள, என்னடா பச்சப் புள்ளைய வீட்ல விட்டுட்டு வந்தவன் மாதிரிப் பறக்குற" என்று நண்பன் ஃபோனில் கேட்டது எனக்கே கேட்டது. மூன்றாம் வாரம் மத்தியானத் தூக்கத்தில் எழுந்து, கலைந்த தலையோடு தொட்டி முன் நின்றவர், என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"தெனமும் இம்புட்டு வேலையா செஞ்ச?"

"ஏழு மாசம்" என்றேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் பவழத்தை வாளியில் வைத்து ஆட்டோவில் ஏற்றிக் கடையிலேயே திரும்பக் கொடுத்துவிட்டு வந்தார். கடைக்காரர் எதற்கு என்று கேட்டாராம். பார்க்க ஆளில்லை என்று சொன்னாராம். நான் ஒருத்தி வீட்டில் இருப்பதை அவர் கணக்கில் சேர்க்காதது அன்றைக்கு எனக்கு நிம்மதியாக இருந்தது. கேமராவை மட்டும் கழற்றவில்லை. அதைக் கழற்றச் சொல்லி நான் இன்னும் கேட்கவில்லை.