அப்பா தந்த சர்க்கரைப் பொம்மை

சிசிலித் தீவின் பலேர்மோ நகரில், ஒரேத்தோப் பகுதியில் நாங்கள் இருந்த அந்த வீட்டுக்கு முதலாளி கிடையாது, வார்டன் கிடையாது, அறைக் கதவுகளுக்குப் பூட்டும் கிடையாது. கன்னியாஸ்திரிகள் எப்போதோ மூடிவிட்டுப் போன பள்ளிக்கூடம் அது. பல்கலைக்கழக மாணவர்கள் சிலர் உள்ளே புகுந்து, கூட்டித் துடைத்து, தாங்களே நடத்தத் தொடங்கியிருந்தார்கள். ஆண்களும் பெண்களும் ஒரே மாடி, ஒரே குசினி. எதை முடிவு செய்வதென்றாலும் கூட்டம். பாத்திரம் கழுவாதவனைப் பற்றியும் கூட்டம், உலகப் புரட்சியைப் பற்றியும் கூட்டம். புரட்சி சீக்கிரம் முடிந்துவிடும், பாத்திரம்தான் இழுபடும்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. பலேர்மோவில் இருக்கும் எங்கள் ஈழத்துச் சனத்தின் வாயை மூட ஒன்றுமே இல்லை. "உன்ரை பெட்டை பெடியளோடை ஒரே வீட்டிலையாம்" என்று யாரோ அம்மாவுக்குப் போன் எடுத்துச் சொல்லியிருந்தார்கள். அம்மா பக்கத்து ஊரான பகேரியாவில் ஒரு வயதான இத்தாலியப் பெண்மணியை, சிஞ்ஞோராவை, பார்த்துக்கொண்டு அந்த வீட்டிலேயே தங்கி வேலை செய்தார். அந்த வேலை கிடைத்த பிறகுதான் எங்கள் வாடகை வீட்டை விட்டோம், நானும் இங்கே வந்தேன். நல்ல ஏச்சு வாங்கப்போகிறேன் என்று காத்திருந்தேன். அம்மா கேட்டது வேறு.

"வாசல் மணியிலை பேர் போட்டிருக்கோ?"

"இல்லையம்மா. இஞ்சை ஒருத்தரும் பேர் போடுறேல்லை."

"நீ போடு. கொப்பா வந்தா எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

அப்பாவை நான் கடைசியாகப் பார்த்தது சின்னக் குழந்தையாக இருந்தபோது. வன்னியில் போர் முடிந்த நாட்களில், சரணடைந்தவர்களை ஏற்றிய பஸ் ஒன்றில் அவர் போனார். அதன் பிறகு இருக்கிறார் என்றும் செய்தி இல்லை, செத்தார் என்றும் செய்தி இல்லை. அம்மா தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை. அப்பாவின் படத்தைச் சுவரில் மாட்டவும் விடமாட்டார். சுவரில் மாட்டி விளக்கு வைப்பது செத்தவர்களுக்கு. அப்பாவின் படம் மேசைமேல், சீப்புக்கும் பவுடர் டப்பாவுக்கும் நடுவில், குளிக்கப் போனவர் திரும்பி வந்து எடுப்பார் என்பது போல நிற்க வேண்டும். வீடு மாறும்போது அம்மா அதை என்னிடம்தான் தந்துவிட்டார். வேலை செய்கிற வீட்டில் அவரை எங்கே வைப்பது என்று கேட்டார்.

மணியில் பெயரை ஒட்டினேன். இத்தாலியக் கடதாசிகளில் அப்பாவின் பெயர்தான் எனக்குக் குடும்பப் பெயர். ஆகவே ஒட்டப்பட்டதும் அவர்தான். வகுப்பிலும் பேராசிரியர் அப்பாவின் பெயரைக் கூப்பிடுவார், நான் கையை உயர்த்துவேன். ஒவ்வொரு முறையும், பின்னால் வேறு யாரோ எழுந்து நிற்பதாக எனக்குத் தோன்றும். திரும்பிப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன்.

அந்த வீடும் இதற்குத் தோதானது. பூட்டில்லாத கதவுகள் கடற்காற்றுக்குத் தாமாகத் திறக்கும். விறாந்தையில் எந்நேரமும் யாராவது நடப்பார்கள். யாருடைய நடை எது என்று எனக்குப் பாடம். ஆனால் பட்டப்பகலில்கூட, எனக்குத் தெரியாத ஒரு நடை என் அறை வாசல்வரை வந்து நின்றுவிடும். எட்டிப் பார்த்தால் ஒருவரும் இருக்கமாட்டார்கள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என்னை நானே நக்கலடிப்பேன். உண்மையில் நான் பயப்படவில்லை. பேயாகவாவது வந்துவிட்டால் செத்துப்போனார் என்று தெரிந்துவிடுமே என்று நினைத்தேன். எப்படிப்பட்ட மகள் நான் என்று வெட்கமாகவும் இருந்தது.

அடுத்த அறையில் இருந்தவன் பௌதிகம் படித்தான். சிசிலியின் மலைப்பக்கத்துக்காரன். முந்திய ஆண்டுதான் தகப்பனை இழந்திருந்தான். நவம்பர் தொடக்கத்தில் இந்த ஊருக்கு இறந்தோர் நாள் வரும். செத்துப்போனவர்கள் அன்று வீட்டுக்கு வந்து, தங்கள் பிள்ளைகளுக்குப் பரிசு வைத்துவிட்டுப் போவார்களாம். சர்க்கரையில் வார்த்து வர்ணம் பூசிய பொம்மைகள் கடைகளில் வரிசையாக நிற்கும். நம் வீட்டிலும் கொண்டாடுவோம், எல்லோரும் தங்கள் ஆட்களின் படத்தைக் குசினி மேசையில் வைப்போம் என்று அவன் கூட்டத்தில் சொன்னான். அந்த வீட்டில் விவாதமே இல்லாமல் நிறைவேறிய ஒரே தீர்மானம் அதுதான். நான் வாய் திறக்கவில்லை, படமும் கொடுக்கவில்லை.

அன்று காலை கோப்பி போடக் குசினிக்குப் போனேன். மேசையில் வரிசையாகப் படங்கள், ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு மெழுகுதிரி. கடைசியில் அப்பா நின்றார். அவருக்கும் மெழுகுதிரி எரிந்தது. அதன் பக்கத்தில் ஒரு சர்க்கரைப் பொம்மை, குதிரையில் ஏறிய போர்வீரன்.

அடுப்படியில் நின்ற அடுத்த அறைக்காரன் திரும்பிப் பார்த்தான். "கேட்க வெட்கப்படுகிறாய் என்று நினைத்தேன். அதனால் நானே எடுத்து வந்தேன். பொம்மை உன் அப்பாவிடமிருந்து உனக்கு" என்றான். அந்த வீட்டில் ஒருவரின் அறைக்குள் போய் ஒன்றை எடுப்பது குற்றமில்லை. ஒருநாளும் போன் எடுக்காத, மகள் மட்டும் தினம் துடைத்து வைக்கிற ஒரு தகப்பனைப் பற்றி, அவன் வேறு என்னதான் நினைப்பான்?

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். சந்தோஷம் வந்தது. அப்பா தந்தது என்று என் கைக்கு வந்த முதல் சாமான் அது. அதைத் தருவதற்கு அவர் சாக வேண்டியிருந்தது. பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக, அப்பா செத்துப்போன பிள்ளையாக நின்று அழுதேன். அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

சிஞ்ஞோராவைப் பிள்ளைகள் கல்லறைக்குக் கூட்டிப்போவதால் அம்மாவுக்கு அன்று ஓய்வு. மதியச் சாப்பாட்டோடு வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்குள் படத்தை எடுத்துவிடலாம் என்று நினைத்து முகம் துடைத்தேன். அம்மா முந்திய ரயிலைப் பிடித்திருந்தார். சாப்பாட்டுப் பையோடு குசினி வாசலில் நின்றார்.

அரைக்காற்சட்டையோடு நின்றவனை அவர் பார்க்கவில்லை. கொடியில் கலந்து காய்ந்த எல்லோருடைய உள்ளுடுப்புகளையும் பார்க்கவில்லை.

"ஆர் வைச்சது?"

தமிழ் தெரியாவிட்டாலும் அவனுக்கு விளங்கியது. நான்தான் என்று முன்னே வந்தான். அம்மா பையைக் கீழே வைத்துவிட்டு, மெழுகுதிரியை ஊதாமல், சுடரை இரண்டு விரலால் பிடித்து நூர்த்தார். படத்தை எடுத்துக் கோட்டுக்குள் அணைத்துக்கொண்டார். பிறகு அவனிடம், உன்னுடையவர் எவர் என்று இத்தாலிய மொழியில் கேட்டார். அவன் காட்டினான். அம்மா அந்தப் படத்தின் முன் கைகூப்பிக் கொஞ்ச நேரம் நின்றார். "என் கணவர் சாகவில்லை. வரப் பிந்துகிறது, அவ்வளவுதான்" என்று அவனுக்குச் சொன்னார். அவன் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டான்.

என் அறையில் படத்தைப் பழைய இடத்தில் நிறுத்திவிட்டு அம்மா கட்டிலில் இருந்தார். எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"எவ்வளவு காலத்துக்கம்மா இப்பிடி? உங்களுக்குத் தெரியாதே? எனக்கு ஒருக்காலாவது அழவேணும்."

அம்மா என்னைப் பார்க்கவில்லை.

"தெரியும் பிள்ளை. எப்பவோ தெரியும்" என்றார். "அவர் போகமாட்டன் எண்டவர். நான்தான், போங்கோ, ஆமியிட்டைப் பேரைக் குடுத்தா விட்டிடுவாங்கள் எண்டு கையைப் பிடிச்சு பஸ்ஸிலை ஏத்தினனான். இப்ப அவர் இல்லையெண்டு என்ரை வாயாலை சொன்னா, அண்டைக்கு நான் அவரை எங்கை அனுப்பினனான்?"

எனக்கு இது தெரியாது. யாரும் சொன்னதில்லை.

"அப்ப நான் சொல்லட்டோ?" என்றேன்.

அம்மா என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்தார். நூர்த்த விரல்களில் கரி இருந்தது.

"நான் போனாப்பிறகு சொல்லு. ஆசை தீர அழு. நான் இருக்குமட்டும் அவரும் இருக்கட்டும்."

ஓம் என்றேன். அப்பாவைச் சாகாமல் வைத்திருக்கும் வேலையை அதுவரை அம்மா தனியாகத்தான் செய்துகொண்டிருந்தார்.