பொன்தூள் கிடந்த மண்தரை

அறுந்த சங்கிலியைத் திருப்பதியில் ஒரு நகைக்கடையில் பற்றவைக்கக் கொடுத்திருந்தேன். கடைக்காரர் வெண்காரம் தடவித் தீயை ஊதியதும் எழுந்த வாசனையில், நாயுடுபேட்டைக்குக் கிழக்கே ஏரித்தீவில் இருந்த எங்கள் வீட்டில், கரியடுப்பின் முன் நாள் முழுக்க ஊதுகுழலோடு குந்தியிருந்த பொற்கொல்லரான என் அப்பா, நைனா, நினைவுக்கு வந்தார்.

பூநாரை பார்க்கப் படகில் வருகிறவர்களை ஊரே சேர்ந்து கவனித்துக்கொண்ட காலம் அது. ஒரு வீட்டில் தங்கல், ஒரு வீட்டில் மீன்குழம்புச் சாப்பாடு, எங்கள் வீட்டில் நைனா பொன்கம்பி இழுப்பதை வேடிக்கை பார்ப்பது. பார்த்துவிட்டுக் கிளம்புகிறவர்களை, வாசலில் வைத்த பேசின் தண்ணீரில் கால் கழுவச் சொல்வாள் அம்மா.

ஒருமுறை சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்மணி முகம் சிவந்து, "எங்களை என்ன திருடிங்கன்னு நினைச்சீங்களா?" என்று கேட்டுவிட்டார். கூட்டிவந்த படகுக்காரர் பதறிப்போய், "இப்டி பண்ணா இன்னொருவாட்டி யாரு வருவாங்க?" என்று நைனாவிடம் எரிந்து விழுந்தார். அம்மா தன் காலை முதலில் தண்ணீரில் வைத்தாள்.

"தரையெல்லாம் பொன்தூளு கெடக்குதும்மா, கால்ல ஒட்டிக்கும். நாங்களும் கழுவிக்கினுதான் வெளிய போவோம்."

அந்தப் பெண்மணி சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தானும் கால் வைத்தார்.

பிறகு டவுன் கடைகளில் ரெடிமேட் நகை வந்துவிட்டது. நைனா நாயுடுபேட்டையில் ஒரு நகைக்கடையில் சம்பளத்துக்குச் சேர்ந்தார். தீவைவிட்டுக் கிளம்பிய அன்று, அம்மா அந்த மண்தரையைச் சுரண்டி இரண்டு சாக்கில் கட்டிப் படகில் ஏற்றினாள். "இது நம்ம வூட்டுத் தரை" என்று சொல்லி, அதைக் கழுவி உருக்கிப் பொன் எடுக்க நைனாவை அவள் கடைசிவரை விடவில்லை.