வீபெக்கே வீட்டு வட்டம்

கிறிஸ்துமஸ் மரத்தைச் சுவரோரம் ஒதுக்கி வைக்கிறவர்களை எங்கள் கோபன்ஹேகனில் யாரும் மதிப்பதில்லை. மரம் அறையின் நடுவில் நிற்க வேண்டும். குடும்பமே கைகோத்துப் பாடிக்கொண்டு அதைச் சுற்ற வேண்டும். இந்த ஒரு வழக்கத்தால்தான் வீபெக்கே, விவாகரத்து ஆன நாளிலிருந்து, வருஷா வருஷம் தன் அக்கா மெரெட்டே வீட்டில் விருந்தாளியாகவே இருந்தாள். அக்கா வீடு தோட்டம் வைத்த மாடி வீடு. வீபெக்கேயுடையது நாலாவது மாடியில் ஒரு கூடமும் ஒரு படுக்கையறையும். சமையலறையில் ஒருத்தர் திரும்ப வேண்டுமென்றால் இன்னொருத்தர் வெளியே வர வேண்டும். போதாக்குறைக்கு அம்மா இறந்தபோது, "எங்க வீட்டுக்கு இது பொருந்தாதுடி" என்று அம்மாவின் பிரம்மாண்டமான அலமாரியையும் அக்கா அவள் தலையில் கட்டிவிட்டாள்.

வீபெக்கே நகரப் பேருந்து ஓட்டுகிறவள். வாய் குறைவு, ரோஷம் அதிகம். தன் கையால் சமைத்ததை அப்பா ஒரு தடவையாவது தன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பது அவளுக்கு நெடுநாள் ஆசை. அக்டோபரில் அப்பாவின் பிறந்தநாளன்று, அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், அதை வாய்விட்டுச் சொல்லிவிட்டாள்.

"இந்த வருஷம் எல்லாரும் என் வீட்டுக்கு வாங்க."

மெரெட்டே சிரித்தாள். "உன் வீட்டுக்கா? எலி நுழைஞ்சா வால் வெளியில நிக்கும். நாம பதினோரு பேருடி! மரத்த எங்க நிறுத்துவ, மாடிப்படியிலயா?"

"எலி வளையானாலும் தனி வளைக்கா. வாங்க. மரத்தச் சுத்தியும் ஆடுவோம்."

"நான் ஒரு வாளி தண்ணியோட வர்றேன்," என்றார் அக்கா கணவர் தோர்பென். "மெழுகுவத்தி யார் சட்டையிலயாவது பிடிச்சுக்கும்."

மேஜையே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். மற்றவர்கள் சிரித்ததை அவள் தாங்கிக்கொண்டாள்; அப்பா சிரித்ததுதான் சுருக்கென்று தைத்தது.

சொல்லியாகிவிட்டது, இனிச் செய்தாக வேண்டும். சின்ன வீட்டைப் பெரிசாகக் காட்டப் பத்திரிகைகளில் போட்டிருந்ததையெல்லாம் செய்தாள். சுவர் முழுக்க வெள்ளை அடித்தாள். மகள் தேயா வந்து பார்த்து, "அம்மா, வாயத் திறந்து காட்டணும்போல இருக்கு, பல் டாக்டர் அறை மாதிரி" என்றாள். ஆளுயரக் கண்ணாடி மாட்டினாள். குழாய் ரிப்பேருக்கு வந்த மனிதர் கண்ணாடிக்குள் தெரிந்த ஆளுக்கு மரியாதையாக வணக்கம் வைத்தார். சோபாவைத் தள்ளிவிட்டு மடக்கு நாற்காலிகளைச் சுவரில் தொங்கவிட்டாள். வீடு கொஞ்சம் மூச்சுவிட்டதென்னவோ உண்மை. ஆனாலும் மரத்தைச் சுற்றி ஆறு பேர் நின்றால் ஏழாமவருக்கு இடமில்லை.

ஒரு மாலை கடைசி நிறுத்தத்தில் பஸ்ஸைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அது கைக்குட்டை அளவு சதுக்கம்தான். ஆனால் ஒரு பக்கம் நுழைந்து மறு பக்கம் வெளியே வந்துவிடலாம் என்பதால் அத்தனை நீள வண்டிக்கும் அங்கே நெருக்கடியே கிடையாது. சட்டென்று அவளுக்குத் தன் வீடு கண்முன் வந்தது. அங்கே எந்த அறைக்குள் போனாலும் ரிவர்ஸ் எடுத்துத்தான் திரும்ப வேண்டும்! படுக்கையறையிலிருந்து சமையலறைக்கு ஒரு கதவு இருந்ததும், அதை மறைத்துத்தான் அம்மாவின் அலமாரி நிற்கிறது என்பதும் அப்போதுதான் ஞாபகம் வந்தன. சதுக்கம் என்றும் பார்க்காமல் ஹாரனை ஓங்கி அடித்தாள்.

தேயாவும் அவளும் மூச்சுவாங்க அலமாரியை நகர்த்தினார்கள். கதவு பெயிண்டில் ஒட்டிக்கொண்டு இறுகிக் கிடந்தது. கத்தியால் கீறி, தோளால் இடித்துத் திறந்ததும் சமையலறை ஜன்னல் வெளிச்சம் படுக்கையறையைத் தாண்டித் தெருப்பக்கம் வரை ஓடியது. வீபெக்கே கூடம், நடை, சமையலறை, படுக்கையறை, மறுபடி கூடம் என்று திரும்பாமலே மூன்று தரம் சுற்றிவந்து, சின்னப் பெண்போலச் சிரித்தாள்.

கிறிஸ்துமஸ் மாலை பதினோரு பேரும் கூடிவிட்டார்கள். கோட்டைக் கழற்றுவதற்கு முன்பே மெரெட்டே கேட்டாள்: "அம்மாவோட அலமாரி எங்கடி?"

"உன் வீட்டு கார் ஷெட்டுலக்கா. நேத்து அத்தான்தான் வண்டியில ஏத்திட்டுப் போனார். உன் வீடு பெரிசுதானே."

தோர்பென் தண்ணீர் வாளியைக் கீழே வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார்.

அப்பா வாத்துக் கறியை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், சிவப்பு முட்டைகோஸோடு. அவளுக்கு அதுவே வயிறு நிறைந்தது. பிறகு மேஜையை மடித்து ஓரங்கட்டி, மரத்தில் மெழுகுவத்தி ஏற்றினார்கள். வட்டம் கூடியது. முதுகுகள் சுவரில் உரசின, ஒரு பேத்தி கால் மிதிபட்டு வீல் என்று கத்தினாள். மெரெட்டேயின் உதட்டில் அந்தப் பழைய சிரிப்பு எட்டிப் பார்த்தது.

வீபெக்கே அப்பாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "எல்லாரும் கைய விடாம என் பின்னால வாங்க!"

சங்கிலி நடைக்குள் பாய்ந்தது. சமையலறையைக் கடந்து, புதிதாகத் திறந்த கதவில் நுழைந்து, படுக்கையறை வழியாகக் கூடத்துக்கே வந்தது. நிற்கவில்லை, முட்டவில்லை. இரண்டாம் சுற்றில் வீபெக்கேவுக்கு எதிரே கடைசி ஆளின் முதுகு தெரிந்தது. கடைசி ஆள் மெரெட்டே. அவள் கையைப் பிடித்துவிட்டால் வட்டம் மூடிவிடும். வீபெக்கே எட்டினாள். எட்டவில்லை. அக்காவும் கையைப் பின்னால் நீட்டி எம்பிப் பார்த்தாள். நடுவே இரண்டு ஆள் இடைவெளி அப்படியே இருந்தது.

"ஆள் பத்தலடி!" அப்பா மூச்சிரைக்கக் கத்தினார். "இவ வீட்டுக்கு நம்ம குடும்பம் பத்தல!"

மெரெட்டே நின்றாள். கூடத்தை ஒரு தரம், தங்கையை ஒரு தரம் பார்த்தாள். பிறகு வாசல் கதவைத் திறந்துகொண்டு ஸ்டாக்கிங்ஸ் காலோடு கீழ் மாடிக்கு ஓடினாள். அவள் அங்கே ஒரு வீட்டுக் கதவைத் தட்டுவது மேலே எல்லாருக்கும் கேட்டது.

"மன்னிச்சுக்குங்க. மேல என் தங்கச்சி வீட்டுல ஆடுறோம். வீடு பெரிசு, ஆள் பத்தல. ரெண்டு பேர் வாங்களேன்."